செவ்வாயில் ஒன்பது கடல்கள்

விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்த நண்பர் நால்வர் திண்ணையில் பலகை விரித்து விளையாடுகின்றனர். 'வீண் பொழுதுபோக்கு' என்று பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். அச்சுளிப்பு நியாயமற்றது என்பதே என் வாதம்.

அவர்கள் ஆடுவது 'டெராஃபார்மிங் மார்ஸ்'. சுவீடன் நாட்டின் யாகோப் ஃபிரிக்சேலியஸ் உருவாக்கி, 2016-இல் வெளிவந்தது. செவ்வாய்க் கோளை மனிதர் வாழத் தக்கதாக்குவதே ஆட்டம். உறைநிலைக்குக் கீழே 30 பாகையில் தொடங்கும் வெப்பம் மேலே 8 பாகையை எட்ட வேண்டும். உயிர்வளி 14 விழுக்காடாக வேண்டும். ஒன்பது கடல்கள் நிரம்ப வேண்டும். மூன்றும் நிறைவேறினால்தான் ஆட்டம் முடியும். போட்டி உண்டு, ஆயினும் ஒருவர் நிரப்பிய கடலின் கரையில் மற்றவரும் பயன் பெறுவர்.

நீர் பொது என்பதை இந்தப் பலகை கற்பிக்கிறது. நாம் என்ன கற்பித்தோம்? திருச்சுழிச் சீமையின் கண்மாய்களில் சீமைக் கருவேலம் மண்டியபோது வேடிக்கை பார்த்தோம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்கால் வெட்டிய குடிமராமத்தைக் கைவிட்டோம். 2017-இல் அரசே அதைத் திட்டமாக்கி மீட்க நேர்ந்தது. மறந்தவர் பிள்ளைகளா, நாமா?

இளைஞரே, உங்களுக்கும் ஒரு சொல். செவ்வாயில் ஒன்பது கடல் நிரப்பிய கைகளுக்கு ஊர்க் கண்மாயின் ஒரு வரத்துக்கால் அந்நியமாகலாகாது. ஆட்டம் முடிந்ததும் பலகையை மடித்து மண்வெட்டியை எடுங்கள். முகம் சுளித்த நாங்களும் உடன் வருகிறோம், வரக் கடமைப்பட்டிருக்கிறோம்.