பழவேற்காட்டிற்கு வேண்டிய இலக்கணம்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களில் வாலிபர்களுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி அவசியம் என்று நாம் சொன்னால், வலை வீசுகிறவனுக்கு வினைச்சொல் ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். உத்தியோகத்தை உத்தேசித்து நாம் இதைச் சொல்லவில்லை. தங்கள் ஏரியையும் கடற்கரையையும் பற்றிய விஷயங்கள் எந்த வாசகங்களைக் கொண்டு தீர்மானமாகின்றனவோ, அவற்றை அந்த ஜனங்கள் தாங்களே வாசித்தறிய வேண்டும் என்பதே நமது கருத்து.

2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களைக் குறித்துப் பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை மாகாண பாஷையிலும் தரவேண்டும். ஆனால் முழு அறிக்கையையும் தமிழில் தரவேண்டுமென்ற கட்டாயம் அதில் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்பிற்காக 2021 ஜனவரி 22-ஆம் தேதியும், 2023 செப்டம்பர் 5-ஆம் தேதியும் குறிக்கப்பட்ட கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். இத்தகைய கூட்டத்திற்குச் செல்லும் மீனவன் சுருக்கத்தை மட்டும் வாசித்துச் சென்றால், விவரங்களைப் பற்றி எங்ஙனம் வாதிப்பான்?

தமிழில் முழுமையாகத் தருக என்னும் கோரிக்கையை நாம் ஒருபோதும் கைவிட மாட்டோம். 2020-ல் மத்திய சர்க்கார் புதிய அறிவிக்கையின் நகலை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே வெளியிட்டபோது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளிலெல்லாம் அதை மொழிபெயர்க்கும்படி டில்லி ஹைக்கோர்ட்டு ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. ஆயினும் அதே அரசியல் சட்டத்தின் 348-ஆவது ஷரத்து, சுப்ரீம் கோர்ட்டின் பாஷை ஆங்கிலமே என்கிறது. உரிமை கிட்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பது விவேகமாகாது.

எந்த இலக்கணம் வேண்டும்? எழுத்துக்களையும் எளிய வாக்கியங்களையும் பள்ளிக்கூடம் கற்பித்துவிடுகிறது. அதற்கு அடுத்த படியில்தான் நம்மவர் தடுமாறுகிறார்கள். சட்டத்தின் சூக்ஷ்மங்கள் இருப்பதும் அந்தப் படியிலேதான். 'ஷால்' என்னும் துணைவினை சட்டத்தில் பொதுவாகக் கடமையைக் குறிக்கும். 'மே' என்பது பெரும்பாலும் அதிகாரியின் இஷ்டத்தைக் குறிக்கும். சிலவிடங்களில் 'மே' என்பதையும் கட்டாயமாகவே கொள்ளவேண்டுமென்று நியாயஸ்தலங்கள் தீர்ப்பளித்ததுண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பெற வழக்காட வேண்டும். 'ஹாவ் பீன் கன்ஸல்ட்டட்' என்றால் ஜனங்களைக் கலந்தாலோசித்தாகிவிட்டது என்று பொருள். 'வில் பீ கன்ஸல்ட்டட்' என்றால் இனிமேல்தான். இவ்விரண்டிற்கும் உள்ள பேதம் தெரியாதவன், தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்று ஆட்சேபிக்கவேண்டிய தருணத்தை இழந்துவிடுவான். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' என்னும் சொற்களுக்குப் பின்னே வருவது, முன்னே கொடுத்த வாக்குறுதியையே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது செயப்பாட்டு வினை. 'தக்க ஏற்பாடுகள் செய்யப்படும்' என்கிறது வாசகம். செய்பவர் யார், எந்தத் தேதிக்குள், யாருடைய செலவில் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எவர் எந்தப் பாட்டில் எந்த நாள் வலையிடலாம் என்பதை அவர்கள் முறைவைத்துத் தீர்மானித்துக்கொள்கிறார்கள். ஆளும் இடமும் நாளும் சொல்லாத பேச்சு அங்கே செல்லாது. அந்தத் தெளிவையே ஆங்கில வாசகத்திடமும் அவர்கள் கேட்கட்டும்.

பயிற்சிக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. குப்பத்துக்கு ஒரு திண்ணையும், தொழிலுக்கு இடையூறில்லாத ஒரு மணி நேரமும், படித்த ஓர் இளைஞரும் போதும். பாடப்புத்தகத்தில் வரும் ராமனும் மாம்பழமும் வேண்டாம். மெய்யான அறிவிக்கை ஒன்றின் பக்கத்தை எடுத்துக்கொள்க. நாளொன்றுக்குப் பத்து வாக்கியங்கள். 'ஷால்', 'மே' இரண்டையும் கோடிட்டுக் காட்டுக. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றுக. எழுவாய் கிடைக்காவிட்டால், 'பை ஹூம்?' — யாரால்? — என்று ஓரத்தில் எழுதுக. அந்த ஓரக்குறிப்புகளே கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்விகளாகும். பொன்னேரி வக்கீல்கள் வாரத்திற்கு ஒரு மாலையேனும் இப்பணிக்கு அளிப்பார்களாக.

1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களிடையே, பின்னர் அபிரகாம் ரொஜேரியுஸ் என்னும் பாதிரியார் வந்து தங்கினார். அவர் பத்மநாபன் என்ற பிராமணரிடம் போர்த்துகீஸ் பாஷையின் மூலம் கேட்டறிந்து, நம் ஆசாரங்களைப் பற்றி எழுதிய நூல் 1651-ல் லெய்டன் நகரில் அச்சேறிற்று. அன்று அந்நியர் நம்மை அறிந்துகொள்ளப் பாஷையின் துணையை நாடினர். இன்று நம் உடைமையை நாம் காத்துக்கொள்ள ஒரு பாஷையின் இலக்கணத்தைக் கற்பதில் இழிவென்ன இருக்கிறது? கற்பதனால் தாய்மொழிப் பற்றுக் குறையாது. தமிழில் தா என்று கேட்கும் குரலுக்கும் அது பலமே தரும். வாலிபர்கள் தாமதமின்றி முன்வர வேண்டும்.