நாளைய கடனை இன்றே தணிக்கை செய்க

கடன் வாங்கும் குடும்பம் மூன்று விஷயங்களைக் கவனித்தாக வேண்டும். கடன் மொத்தம் எவ்வளவு? சம்பளத்தில் வட்டிக்குப் போவது எவ்வளவு? கடன் ஏறும் வேகத்துக்குச் சம்பளமும் ஏறுமா? பழைய வட்டியைக் கட்டவே புதிதாகக் கைமாற்று வாங்கும் நிலை வந்துவிட்டால், அந்த வீடு எத்தனை நாள் தாங்கும் என்பது அக்கம்பக்கத்தாருக்கே தெரிந்துவிடும்.

சர்க்காரின் சங்கதியும் இதுவே. நாட்டின் மொத்த உற்பத்தியில் கடன் எத்தனை சதவீதம், வருவாயில் வட்டி விழுங்குவது எவ்வளவு, வளர்ச்சி வேகம் வட்டி விகிதத்தை மிஞ்சுகிறதா, கடன் பணம் பாலமாகவும் பள்ளியாகவும் நிற்கிறதா அல்லது அன்றாடச் செலவில் கரைந்ததா என்பவைதாம் கஜானாவின் எதிர்காலத்தைக் காட்டும் அளவுகோல்கள். இன்று வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு இவை வெறும் புள்ளிவிவரம் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு 20 ஆண்டுகள் பென்ஷன் தவறாமல் வருமா என்ற கேள்வி இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

ஆனால் அளவுகோலே சரியானதுதானா என்று யார் பார்ப்பது?

2017-18-ல் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 44 காசு செலவானதாக ரயில்வே கணக்குக் காட்டியது. மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி அதைத் துருவிப் பார்த்தார். இரண்டு பொதுத்துறை நிறுவனங்களிடம் வாங்கிய முன்பணமும் அந்த ஆண்டின் வருவாயில் சேர்ந்திருந்தது. அதைக் கழித்தால் செலவு 102 ரூபாய் 66 காசு. 1,665 கோடி ரூபாய் மிச்சம் என்றிருந்தது, 5,676 கோடி ரூபாய் துண்டு என்று மாறியது. யாரும் பணத்தைத் திருடவில்லை. நாளை வர வேண்டிய வருமானத்தை இன்றே எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரேஷன் அரிசிக் கணக்கிலும் இப்படி ஒன்று நடந்தது. இந்திய உணவுக் கழகத்துக்கு மத்திய சர்க்கார் கொடுக்க வேண்டிய மானியத்தை பட்ஜெட்டிலிருந்து முழுமையாகக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, தபாலாபீசில் மக்கள் போட்ட சிறுசேமிப்புப் பணத்திலிருந்து கழகம் கடன் வாங்கிக்கொண்டது. பற்றாக்குறை குறைந்ததுபோல் தோன்றியது. ஆனால் அசலும் வட்டியும் சர்க்கார் தலையில்தான் விழுந்தன. தணிக்கை அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் சர்க்கார் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. தணிக்கையால் பயன் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

எல்லா சர்க்காரும் இதை எளிதில் ஏற்பதில்லை. கேரளத்தில் பட்ஜெட்டுக்கு வெளியே ஒரு வாரியத்தின் மூலம் வாங்கிய கடனைத் தணிக்கை அதிகாரி ஆட்சேபித்தபோது, அந்தப் பகுதியை நிராகரித்து 2021 ஜனவரியில் சட்டசபை தீர்மானமே போட்டது. ஆஸ்பத்திரியும் சாலையும் கட்டப் பணம் வேண்டும் என்ற அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வாகன வரியிலிருந்தும் பெட்ரோல் மீதான வரியிலிருந்தும் கொடுக்கும் பங்கைக் கொண்டு அடைக்க வேண்டிய கடன், மக்கள் கடன் அல்லாமல் வேறு யாருடைய கடன்?

கடிவாளம் போடச் சட்டம் இல்லாமல் இல்லை. நிதிப் பொறுப்புச் சட்டம் 2003-ல் நிறைவேறியது. மத்திய சர்க்காரின் கடன் 40 சதவீதத்துக்கும், மாநிலங்களையும் சேர்த்தால் 60 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது, 2024-25 முடிவுக்குள் அதை எட்ட வேண்டும் என்று 2018-ல் திருத்தம் வந்தது. கெடு கடந்துவிட்டது, இலக்கு எட்டவில்லை. கொரோனா காலச் செலவு ஒரு காரணம் என்பது உண்மை. 2031 மார்ச்சுக்குள் சுமார் 50 சதவீதம் என்பது மத்திய சர்க்கார் தானே வைத்துக்கொண்ட புதிய இலக்கு. இதுவும் தவறினால் கேட்பது யார்?

செய்ய வேண்டியவை தெளிவானவை. தணிக்கை அறிக்கை காலத்தில் வர வேண்டும். 2016-17-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்பு அறிக்கை பார்லிமெண்டுக்கு வந்தது 2019 ஜனவரியில். அதற்குள் இன்னொரு பட்ஜெட்டே அமலில் இருந்தது. சர்க்கார் பணத்தால் அடைபடும் கடன் எந்தப் பெயரில் இருந்தாலும் ஒரே பட்டியலில் சேர வேண்டும். பென்ஷன் பொறுப்பையும், கொடுத்த ஜாமீன்களையும் அடுத்த 20 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, அந்த மதிப்பீட்டின் அடிப்படைகளையும் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும். சுதந்திரமான நிதி மன்றம் ஒன்று வேண்டும் என்று என்.கே. சிங் குழு 2017-ல் செய்த சிபாரிசைத் தூசி தட்டி எடுக்க வேண்டும்.

கணக்கு பொய்த்தால் அதை எழுதிய அமைச்சருக்கு நஷ்டமில்லை. அவர் இலாகா மாறிவிடுவார். கட்டணம் உயர்ந்து, ரேஷன் குறைந்து, பென்ஷன் தள்ளிப் போய் அதை ஈடுகட்டுவது, மாதச் சம்பளத்தையும் தினக் கூலியையும் நம்பி வாழ்கிறவர்கள்தாம். அவர்களுக்கு உண்மைக் கணக்கை உரிய காலத்தில் காட்டுவது சர்க்காரின் கடமை.