கயிறு கையில் இருக்கட்டும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், நண்பர்களோடு சேர்ந்து பணம் போட்டுப் பழைய கயாக் ஒன்று வாங்கியிருக்கிறான். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான படகு. இரண்டே வாரத்தில், “கை வலிக்குது மாமா, பாய் கட்டப்போறேன்” என்றான்.

தார்ப்பாயை முக்கோணமாக வெட்டி, அக்காவின் தையல் மிஷினிலேயே ஓரம் மடித்துத் தைத்து, மூங்கில் கழியில் கட்டியும்விட்டான். அக்காவுக்குப் பயம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை எங்கள் பக்கம் யார் மறப்பார்கள்? “தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் தண்ணியில இறக்குடா” என்றாள்.

பழவேற்காட்டில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். மோட்டார் வருவதற்கு முன் கட்டுமரத்தில் பாய் விரித்துக் கடலுக்குப் போனவர். பாயைத் தடவிப் பார்த்தார். “தையல் நல்லா இருக்கு தம்பி. இது எதுக்கு?” என்று அவர் தொட்டுக் காட்டியது ஒரு முடிச்சை. பாயின் கீழ்முனைக் கயிற்றைப் படகோடு இறுக்கிக் கட்டியிருந்தான்.

“திடீர்னு காத்து ஓங்கி அடிச்சா, கட்டின பாய் படகையே சாய்ச்சிடும். கயித்தைக் கையில பிடி. விட்டேன்னா பாய் கொடி மாதிரி படபடக்கும், படகு நிமிந்துக்கும்.”

இன்னொன்றும் சொன்னார். காற்றுக்குக் குறுக்கே போனால் இந்த மாதிரிப் படகு பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்கத்தான் கட்டுமரத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். பலகை இல்லாத படகை, காற்று தன் போக்கில்தான் கொண்டுபோகும். அதனால், முதலில் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுப் போக வேண்டும்; திரும்பும்போது பாய் விரிக்கலாம். கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கம் காற்று வீசும்போது பாயைத் தொடவே கூடாது.

“லைஃப் ஜாக்கெட் இருக்கா?” என்று கடைசியாகக் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை.

வரும் வழியிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டான். அன்று ராத்திரியே ஜாக்கெட்டுக்கு ஆர்டரும் போட்டான். அது வரும்வரை கயாக் வாசலில் கவிழ்ந்துதான் கிடக்கும்.

பாய் மட்டும் சும்மா இல்லை. மொட்டை மாடியில் விரித்து, அக்கா அதில் மிளகாய் காயப்போட்டிருக்கிறாள்.