இயங்கும் ஒப்பந்தம் எல்லாம் பாதுகாப்பான ஒப்பந்தம் அன்று

பிளாக்செயினில் ஏற்றப்பட்ட ஸ்மார்ட் ஒப்பந்தத்தைப் பிற மென்பொருள்களைப் போல மறுநாள் திருத்திவிட இயலாது. மாற்றுவதற்கான வழி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தாலன்றி, நிரலோடு பிழையும் நிலைத்துவிடும். ஆயினும் மாணவர்களின் செயல்திட்டங்கள் பல, ‘ஒப்பந்தம் இயங்குகிறது’ என்ற இடத்திலேயே நிறைவடைந்துவிடுகின்றன. மதிப்பெண்ணும் அதற்கே கிடைக்கிறது.

2016 ஜூனில், எத்தீரியத்தில் இயங்கிய ‘தி டிஏஓ’ நிதியத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் வெளியேற்றப்பட்டது. காரணம் கடினமான கணிதம் அன்று; செயல்களின் வரிசை. ஒப்பந்தம் பணத்தை முதலில் அனுப்பியது. இருப்பைப் பின்னரே குறைத்தது. பணம் பெற்ற ஒப்பந்தம் அந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் உள்நுழைந்து பணம் கேட்டது. ஒவ்வொரு முறையும் குறைக்கப்படாத பழைய இருப்பே சரிபார்க்கப்பட்டது. முதலில் சரிபார்த்தல், அடுத்துப் பதிவை மாற்றுதல், இறுதியிலேயே வெளியே அனுப்புதல் என்ற எளிய ஒழுங்கு அங்கே மீறப்பட்டிருந்தது.

2017இல் நேர்ந்தது வேறு வகை. ஜூலைத் திருட்டுக்குப் பின், பேரிட்டி பணப்பைகளுக்கான நூலக ஒப்பந்தம் திருத்தி ஏற்றப்பட்டது. ஆனால் அதற்கு உரிமையாளர் குறிக்கப்படவில்லை. நவம்பரில் வெளியார் ஒருவர் தம்மையே உரிமையாளராகப் பதிந்துகொண்டு, அழிக்கும் கட்டளையை இயக்கினார். அந்நூலகத்தை நம்பியிருந்த பணப்பைகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் முடங்கியது.

கருவிகள் மேம்பட்டுவிட்டன என்று சிலர் கூறலாம். உண்மைதான், 2020இல் வந்த சாலிடிட்டி 0.8, எண் தன் எல்லையை மீறினால் இயல்பாகவே பரிவர்த்தனையை நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒரு செயற்கூற்றை யார் அழைக்க உரிமையுடையவர் என்பதை எந்தக் கம்பைலரும் தானாக அறியாது. தணிக்கை காப்பாற்றும் என்பதும் அரைகுறை ஆறுதலே. தி டிஏஓவின் நிரலும் வெளியீட்டுக்கு முன் பாதுகாப்பு ஆய்வுக்கு உட்பட்டதுதான்.

ஆகவே மாற வேண்டியது மதிப்பீட்டு முறை. ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் மூன்று வினாக்களுக்கு மாணவர் எழுத்தில் விடை தர வேண்டும்: இதை யார் அழைக்கலாம்? பாதியில் மீண்டும் அழைத்தால் என்னவாகும்? எந்நிலையிலும் மாறக்கூடாத கணக்கு எது? ஒரு குழுவின் ஒப்பந்தத்தை மற்றொரு குழு சோதனை வலையமைப்பில் உடைக்க முயல வேண்டும். உடைத்தவர்க்கும் மதிப்பெண் வேண்டும். வகுப்பறையில் கண்டறியப்படும் பிழைக்கு விலை சில மதிப்பெண்களே. வெளியே அதே பிழைக்கு விலை கொடுப்பவர்கள், அந்த நிரலை ஒருபோதும் படித்திராத மனிதர்கள்.