கணிப்பொறிக் கல்வி: ஏட்டை வலம் வரும் முறை

நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிள்ளைகள் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்று வருகின்றனர். அதனையே தொழிலாகக் கொண்டு வாழ்வோரும் பலர். ஆதலின், எளியது போலத் தோன்றிக் கற்போரை இடறச் செய்யும் ஒரு பொருளை இத்திங்கள் எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் இதனைப் படித்துணரலாம். கணிப்பொறி அறிவு முன்னதாக வேண்டுவதில்லை.

சங்கத்தின் உறுப்பினர் ஏட்டை நினைவிற் கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னால் பெயரும் சந்தா விவரமும் கிடைக்கும். எண் என்பது திறவுகோல். அதனால் திறக்கப்படுவது மதிப்பு. இவ்வாறு இரண்டிரண்டாகப் பிணைத்து வைக்கும் ஏட்டினை நிரலாளர் 'மேப்' என்பர். ஜாவா மொழியில் இவ்வேடுகள், 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த 1.2 பதிப்பின் தொகுப்பு நூலகத்தில் ஒழுங்கான வடிவம் பெற்றன. அந்நூலகத்தை வடிவமைத்தவர் ஜோஷுவா பிளாக் என்பார்.

ஒரு திறவுகோலைக் கொடுத்து ஒரு மதிப்பைப் பெறுதல் எளிது. ஏடு முழுவதையும் ஒன்று விடாமல் வலம் வருதலே நாம் கருத வேண்டியது. இதற்கு வழிகள் சில உண்டு. 'கீசெட்' என்பது திறவுகோல்களை மட்டும் தருவது. 'வேல்யூஸ்' மதிப்புகளை மட்டும் தரும். 'என்ட்ரிசெட்' இரண்டையும் இணையாகவே தரும். இரண்டும் வேண்டும்போது கற்போர் பலர் கீசெட்டைக் கொண்டு தொடங்கி, ஒவ்வொரு திறவுகோலுக்கும் மீண்டும் ஏட்டைத் தேடுகின்றனர். வரிசையாக எண்களை வாசித்துவிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஏட்டை முதலிலிருந்து புரட்டுவது போன்றது இது. 'ட்ரீமேப்' என்னும் வகையில் பத்து லட்சம் பதிவுகள் இருப்பின், ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 20 ஒப்பீடுகள் வீணாகும். என்ட்ரிசெட்டைக் கொண்டால் அவ்வுழைப்பு மிஞ்சும்.

இனி வரிசையைப் பற்றிக் காண்போம். 'ஹேஷ்மேப்' என்பது பதிவுகளைப் பல அறைகளில் இட்டு வைக்கும். தொடக்கத்தில் அறைகள் 16. திறவுகோலிலிருந்து கணக்கிட்டு, எந்த அறை என்பதை அது தீர்மானிக்கும். 1 முதல் 10 வரையுள்ள எண்களை இட்டு வலம் வந்தால் அவை ஏறுவரிசையிலேயே வரும். 'இது வரிசை காக்கும் ஏடு' என்று கற்பவர் நம்பிவிடுவார். பின்னர் 17-ஆம் எண்ணைச் சேர்த்தால், அது 1 இருக்கும் அறைக்கே செல்லும். ஆதலின் 1, 17, 2, 3 என வெளிப்படும். மேலும் 11, 12 ஆகியவற்றைச் சேர்த்தால் பதிவுகள் 13 ஆகும். 12-ஐத் தாண்டியதும் அறைகள் 32 ஆகப் பெருகும். 17 தனக்குரிய அறைக்குச் சென்று கடைசியில் நிற்கும். இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்ததற்கு மற்றவர் இடம் மாறியதேன் என்று வியப்பதிற் பயனில்லை. வரிசை காப்பதாக ஹேஷ்மேப் ஒருபோதும் வாக்களிக்கவில்லை. சேர்த்த வரிசை வேண்டுமாயின் 'லிங்க்ட்ஹேஷ்மேப்' உண்டு. ஏறுவரிசை வேண்டுமாயின் ட்ரீமேப் உண்டு.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உளது. சந்தா தீர்ந்தவர்களை நீக்க விரும்பி ஒருவர் ஏட்டை வலம் வருகின்றார் என்க. வலம் வரும்போதே ஏட்டிடம் நேரே சொல்லி ஒரு பெயரை நீக்குகின்றார். அடுத்த அடி எடுத்து வைக்கும்போது, ஏடு மாறிவிட்டதை உணர்ந்த ஜாவா எச்சரிக்கை எழுப்பி நின்றுவிடும். அந்நிலையில் சில பெயர்கள் நீங்கியிருக்கும், சில நீங்காதிருக்கும். ஏடு பாதி பழையதும் பாதி புதியதுமாய்க் கிடக்கும். இன்னும் கொடியது யாதெனில், நீக்கப்பட்டவர் வலத்தின் கடைசியில் நின்றவராயின் எச்சரிக்கையே எழாது. அடுத்த அடி என்பது அங்கு இல்லையன்றோ? ஆகவே சிறு சோதனையில் நிரல் தேறிவிடும்; மெய்யான ஏட்டில் வீழ்ந்துபடும். சம்பளப் பட்டியலோ மருந்துக் கணக்கோ அவ்வேட்டில் இருப்பின், விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

பரிகாரம் எளியது. வலம் வருகின்ற 'இட்டரேட்டர்' என்னும் கருவியிடமே நீக்கும்படி சொல்லுதல் வேண்டும். அல்லது, 2014-ஆம் ஆண்டின் ஜாவா 8 பதிப்பில் வந்த 'ரிமூவ்இஃப்' என்பதனை என்ட்ரிசெட்டின் மேல் வழங்கலாம். பதிவை நீக்காமல் மதிப்பை மட்டும் திருத்துவதாயின், அப்பதிவின் 'செட்வேல்யூ' போதும். ஏட்டின் அமைப்பு அதனால் மாறாது.

பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் நாம், ஊருக்கு ஊர் வழக்கு வேறு என்பதை நன்கறிவோம். நிரல்மொழிகளும் அத்தன்மையனவே. பைத்தான் மொழி, 2018-இல் வந்த 3.7 பதிப்பு முதல், சேர்த்த வரிசையிலேயே வலம் வருவதாக உறுதி கூறுகின்றது. வலத்தின் நடுவே பதிவைச் சேர்க்கவோ நீக்கவோ செய்தால் பிழை காட்டும். கோ மொழியோ வரிசையை எவரும் நம்பிவிடலாகாது என்பதற்காக வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துத் தருகின்றது. ஆனால் வலத்தின் நடுவே நீக்குவதற்கு இடங்கொடுக்கின்றது. ஒரு மொழியிற் பழகிய வழக்கத்தை மற்றொன்றிற்கு அப்படியே எடுத்துச் செல்வோர் இடர்ப்படுவர்.

கற்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: நிரல் ஒருமுறை சரியாக ஓடியது என்பதனை உறுதிமொழியாகக் கொள்ளற்க. அம்மொழியின் கையேடு எதனை வாக்களிக்கின்றது என்று முதலில் படித்தறிக. பின்னர், ஒரு பதிவுள்ள ஏட்டிலும், பல பதிவுள்ள ஏட்டிலும், ஒன்றுமில்லாத ஏட்டிலும் சோதித்துக் காண்க. வரும் திங்கள், ஒரே ஏட்டைப் பலர் ஒரே வேளையில் வலம் வருவதால் எழும் சிக்கலைப் பற்றிக் காண்போம்.