ஏக்கருக்குத்தான் காசு, உழைப்புக்கு இல்லை

"மனு போட்டிருந்தால் கிடைத்திருக்குமே" என்கிறார்கள். போடாமலா இருந்தோம்? மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி போடும் எந்தக் கறுப்பு விவசாயியையும் கேட்டுப் பாருங்கள், விவசாயக் கடன் கேட்டு வேளாண் துறையின் கவுண்டி ஆபீஸில் அவன் அப்பன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்துக்கிடந்த கதையைச் சொல்வான்.

ஏப்ரல் கடைசியில் பருத்தி விதைக்க வேண்டும். என் அப்பாவுக்கு விதைக்கடன் ஜூலையில் வந்தது. அதை வைத்துக்கொண்டு களையையா அறுப்பது? அதுவும் அவர் கைக்கு வரவில்லை. பேங்கில் போட்டு, அதிகாரியும் கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்று கட்டிவைத்தார்கள். டிராக்டருக்கு ஒரு பெல்ட் வாங்க, தலை நரைத்த மனுஷன் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் போய்ப் பல்லிளிக்க வேண்டும். பக்கத்து நிலத்து வெள்ளைக்காரருக்கு இந்தக் கெடுபிடி எதுவும் கிடையாது. யாருக்குக் கடன், யாருக்குக் கிடையாது என்று தீர்மானிக்கும் கவுண்டி கமிட்டியில் உட்கார்ந்திருந்தவரே அவர்தான். கடைசியில் எங்கள் நிலம் ஏலத்துக்கு வந்தபோது எடுத்தவர் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? எந்த நிலத்தில் அந்தக் காலத்தில் எத்தனை ஏக்கர் என்ன பயிர் போட்டார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் இன்றைக்கும் மானியம் கொடுக்கிறார்கள். அப்பா முதுகொடியப் பருத்தி போட்ட கணக்குக்கு, விலை விழும் வருஷமெல்லாம் செக் அந்த வீட்டுக்குப் போகிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

இது நேற்று தொடங்கியதும் இல்லை. 1933இல் பருத்தி விலை படுத்தபோது, நின்ற பயிரை உழுது அழிக்க ரூஸ்வெல்ட் அரசு பணம் கொடுத்தது. அது பண்ணையாரிடம் போய்ச் சேர்ந்தது. பயிரே இல்லை, வாரத்துக்கு உழுகிறவன் எதற்கு என்று குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்படி வெளியேற்றக் கூடாது என்று, பண்ணையாருடன் அரசு போட்ட ஒப்பந்தத்துக்குப் பொருள் சொன்ன வேளாண் துறை வக்கீல்களை 1935இல் வேலையை விட்டே துரத்தினார்கள்.

சன்ஃப்ளவர் கவுண்டியைப் பாருங்கள். அங்கே பண்ணை வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டுக்கு 1967இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் மானியம். எங்கள் மாநிலத்தில் ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை மாதம் பத்து டாலர்கூட இல்லாத காலம் அது. அதே கவுண்டியில்தான் ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதியப் போன ஒரே குற்றத்துக்காக, 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து 1962இல் விரட்டப்பட்டார். அரசாங்கப் பணத்தைத் தின்கிறவர்கள் என்ற பட்டம் மட்டும் எங்களுக்கு!

1920இல் இந்த நாட்டில் ஒன்பது லட்சத்துக்கு மேல் கறுப்பு விவசாயிகள் இருந்தார்கள். இன்று ஐம்பதாயிரம்கூட இல்லை. கடன் தருவதில் வேளாண் துறை பாகுபாடு காட்டியது என்று கறுப்பு விவசாயிகள் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசத்துக்கு வந்தபோது, பெரும்பாலோருக்குப் பேசிய தொகை ஆளுக்கு 50,000 டாலர். புதிதாக ஒரு பருத்தி எடுக்கும் மெஷின் வாங்கப் போனால் அதில் பாதி விலைகூடத் தேறாது. கெடு தாண்டி வந்ததென்று பல்லாயிரம் மனுக்களைத் தள்ளிவிட்டார்கள்.

2021இல் எங்களைப் போல இனத்தால் ஒதுக்கப்பட்ட விவசாயிகளுக்குக் கடன் தள்ளுபடி என்று சட்டம் வந்தது. எனக்கும் கடிதம் வந்தது; கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இது தங்களுக்கு எதிரான இனப் பாகுபாடு என்று வெள்ளை விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூனிலேயே தடை. மறு வருஷம் அந்தச் சட்டப் பிரிவையே ரத்து செய்துவிட்டார்கள். எங்களை ஒதுக்கிய அறுபது எழுபது வருஷமும் எந்தக் கோர்ட்டுக்கும் இவ்வளவு அவசரம் வந்ததில்லை.

2024இல் கடனில் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு உதவித்தொகை என்று 43,000 பேருக்கு 200 கோடி டாலர் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், வாங்கியவர்கள் நன்றாக இருக்கட்டும். அப்பாவுக்காக நானும் கேட்டேன். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தால்தான் கொடுப்பார்களாம்.