ஸ்டாக் தப்பு தானா சரியாகும்... போன பங்காளி?

"அடுத்த வருஷம் தானா அட்ஜஸ்ட் ஆயிடும்." கணக்கு எழுதுறவங்ககிட்ட அடிக்கடி கேட்கிற வசனம் இது. பாதி உண்மை. வம்பே மீதிப் பாதியில்தான்.

இங்கே அப்பாசியாவில் மூணு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு பக்காலாவை எடுத்துக்குவோம் (கற்பனைக் கடைதான், யாரும் சண்டைக்கு வராதீங்க). டிசம்பர் 31 அன்று சரக்கை 2000 தினார் கூடுதலாக எண்ணிவிட்டார்கள். காலாவதியான மசாலா பாக்கெட்டை முழு விலைக்கு எழுதினாலும் இதே கதைதான். இறுதிச் சரக்கிருப்பு கூடினால், விற்ற சரக்கின் அடக்கவிலை குறையும். லாபம் 2000 கூடும். அடுத்த வருஷம் அதே தொகை தொடக்கச் சரக்கிருப்பாக வந்து லாபத்தை 2000 குறைக்கும். அந்த வருஷம் ஒழுங்காக எண்ணினால், ரீட்டெய்ண்ட் எர்னிங்ஸ், அதாவது யாரும் எடுக்காமல் கடையிலேயே விட்டுவைத்த லாபம், சரியாகிவிடும். பாடப்புத்தகம் இத்தோடு எஸ்கேப்.

ஆனா நடுவில் ஒரு பங்காளி கணக்கை முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டார்னா? வளைகுடாவில் இது தினசரி நடப்பு. இல்லாத லாபத்தில் அவர் பங்கு, 666 தினார் சொச்சம், அவரோடு விமானம் ஏறியாச்சு. மீதி ரெண்டு பேர் கையை விட்டுக் கட்டணும். ஏடு சரி, மனுஷங்க கணக்கு தப்பு.

தேய்மானம் இன்னும் மோசம். 6000 தினார் ஃப்ரீசர் வேன், ஆயுள் 5 வருஷம், வருஷத்துக்கு 1200. மூணு வருஷம் எழுதாமல் விட்டால் லாபம் 3600 உப்பிப் போய் நிற்கும். இது அடுத்த வருஷம் தானாகச் சரியாகாது. வேனை விற்கும்போதோ உடைக்கும்போதோதான் மொத்தமாக வெடிக்கும்.

பெரிய ஆளுங்க இதை வேணும்னே செய்திருக்காங்க. அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட், குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டி, கழிவு மதிப்பை ஏற்றித் தேய்மானத்தைக் குறைத்தது. 1998இல் பழைய கணக்குகளைத் திருத்தியபோது ஓட்டை சுமார் 170 கோடி டாலர்!

சர்வதேசத் தரநிலை ஐஏஎஸ் 8 சொல்வது எனக்குப் பிடிக்கும்: பெரிய பழைய தவறை இந்த வருஷச் செலவில் ஒளிக்காதே, பழைய வருஷங்களையே திருத்து, ரீட்டெய்ண்ட் எர்னிங்ஸின் தொடக்க இருப்பை மாற்று. ஆனால் ஆயுள் மதிப்பீட்டை மாற்றினால் இனிவரும் வருஷங்கள் மட்டும்தான் மாறும். அதனால் "தவறு இல்லீங்க, மதிப்பீடுதான் மாறுச்சு"ன்னு யாராவது சொன்னா, வேன் வாங்கின பில்லை ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பங்காளி கிளம்புற வருஷம்னா, சரக்கையும் ரெண்டு தடவை எண்ணச் சொல்லுங்க.